சவரிராயன் கேட்ட பருத்தி வேட்டி

செய்தி வந்தபோது என் இரண்டு கையும் வேலையில் இருந்தன. திறந்த கண்ணாடிக் குழாய்க்குள் நைட்ரஜன் போகும் ஊசியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் ரப்பர் மூடியைத் தயாராக வைத்திருந்தேன். அந்த நேரத்தில் ஊசியை எடுத்தால் காற்று உள்ளே புகுந்துவிடும். புகுந்தால் குழாயில் உள்ள சாயம் இளஞ்சிவப்பாக மாறும். மாறினால் காலையிலிருந்து செய்த வேலை அத்தனையும் பாழ். மேசைமேல் கைபேசி அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. திரையில் செலின் அக்காவின் பெயர். என்ன செய்தி என்று தெரிந்துவிட்டது. இருந்தும் மூடியைச் சரியாகப் பொருத்திவிட்டுத்தான் எடுத்தேன். "வீடே பத்திக்கிட்டு எரிஞ்சாலும் மூடியப் போட்டுட்டு ஓடுங்க" என்பது சவரிராயன் சார் எங்களுக்குப் போட்ட சட்டம். அவருடைய சாவுச் செய்திக்கும் அந்தச் சட்டத்தையே கடைப்பிடித்தேன்.

"போயிட்டாரு வசந்தி. விடியக்காலம். கோரிமேட்டு ஆஸ்பத்திரிலேர்ந்து வீட்டுக்குக் கொண்டாறோம்" என்றார் செலின் அக்கா. சவரி சாருடைய மனைவி. குரலில் அழுகை இல்லை. அழுது முடித்த களைப்பு இருந்தது.

எனக்கும் அழுகை வரவில்லை. முதலில் நினைவுக்கு வந்தது என் அலமாரிதான். ஆய்வுக்கூடத்தில் என் மேசைக்குப் பின்னால் நிற்கும் இரும்பு அலமாரியில், ஒரு துணிப்பைக்குள், பச்சைக் கரை போட்ட பருத்தி வேட்டி ஒன்று இருந்தது. சவரி சார் தன் கையால் கொடுத்தது. தன்னைப் புதைக்கும்போது அதைத்தான் கட்ட வேண்டும், கோட்டு சூட்டு மாட்டி அனுப்பக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். அந்தப் பொறுப்பை மனைவிக்கும் கொடுக்காமல், மகளுக்கும் கொடுக்காமல், காலமெல்லாம் தன்னோடு மல்லுக்கு நின்ற எனக்கு ஏன் கொடுத்தார் என்பதையும், நான் அதை என்ன செய்தேன் என்பதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். செலின் அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுது. அவரு இருந்தா செவப்பு மையில திருத்திக் குடுப்பாரு" என்றார்.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கும் அவரிடம் படித்தவர்களுக்கும் அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குழாய்கள் வளரும் சூட்டுப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் பேசினால் கத்துவார். குழாயை அனாவசியமாக ஆட்டினால் கத்துவார். கத்திவிட்டுச் சற்று நேரத்தில் தேநீர் வாங்கி வருவார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடிய பாட்டை வாரம் முழுக்க ராகம் தப்பி முணுமுணுப்பார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: செடிகொடிகளின் உடம்பைக் கட்டி நிறுத்தியிருக்கிற செல்லுலோஸ் என்னும் பொருளை உடைத்துத் தின்கிற பாக்டீரியாக்களை வளர்த்தவர் சவரிராயன். 'ஆராய்ந்தவர்' என்று எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "ஆராயறது கொஞ்சம். வளக்கறதுதான் அதிகம்" என்பார். அவருடைய அப்பா முதலியார்பேட்டைப் பக்கத்து மில் ஒன்றில் தறி ஓட்டியவர். வீடே பருத்தியில் பிழைத்த வீடு. பருத்தி என்பது ஏறக்குறைய வெறும் செல்லுலோஸ்தான். அப்பா நெய்ததைப் பிரிக்கிறவர்களை மகன் வளர்த்தார். இதை யாராவது மேடையில் அழகாகச் சொன்னால் அவர் முகத்தைச் சுளிப்பார். எனவே இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மழைநாளில், என்னை அந்த மில்லுக்குக் கூட்டிப்போனார். மில் மூடி வெகுகாலம் ஆகியிருந்தது. பின்பக்கம் சுற்றுச்சுவரை ஒட்டிக் கழிவுப் பஞ்சைக் கொட்டிக் கொட்டி ஒரு மேடே எழும்பியிருந்தது. மேலே புல் முளைத்து, நாய் படுத்த பள்ளத்தோடு, பார்க்கக் குப்பைமேடுதான். குடையை என்னிடம் கொடுத்துவிட்டு முழங்கை வரை கையை உள்ளே விட்டார். விட்ட வேகத்தில் வெளியே இழுத்துக்கொண்டார். சுட்டுவிட்டது. மேலே மழைத்தண்ணீர் வழிகிறது, கை போன ஓட்டையிலிருந்து ஆவி வருகிறது.

"உள்ள யாரோ வேலை பாக்கறாங்க மேடம். மில்லு மூடுனது அவங்களுக்குத் தெரியாது போலருக்குது" என்றார்.

சிரிப்பதற்காகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு உடைந்த ஜன்னல்களை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தார். ஒரு பாட்டில் நிறையப் பஞ்சை, காற்றுக்கு இடமில்லாமல் கழுத்து வரை அடைத்து எடுத்துக்கொண்டார்.

அந்தச் சூட்டுக்குள், காற்றே புகாத இடத்தில் வாழ்கிறவர்களை வெளியே கொண்டுவந்து தனியாக வளர்ப்பது லேசான காரியம் இல்லை. ஒரு மூச்சுக் காற்று பட்டாலும் போச்சு. மாதக்கணக்கில் எங்கள் குழாய்கள் ஒன்று மாற்றி ஒன்று இளஞ்சிவப்பாகிக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு குழாயிலும் சாப்பாடு என்று போட்டது வடிதாள் துண்டு ஒன்றுதான். அதுவும் செல்லுலோஸ். கொஞ்சம் சர்க்கரை போட்டால் சீக்கிரம் பெருகுமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. சுலபமான தீனிக்குப் பழகினால் பருத்தியைப் பிடிக்கிற பிடியை விட்டுவிடுவார்கள் என்றார். அவருடைய பேச்சில் பாக்டீரியாக்கள் எப்போதும் 'அவங்க'தான்.

ஒரு காலையில் என்னை ஜன்னல் பக்கம் கூப்பிட்டார். குழாய்க்குள் நின்ற வடிதாளில் மஞ்சள் பூசினாற்போல ஒரு பட்டை ஏறியிருந்தது. குழாயை வெளிச்சத்தில் பிடித்து விரல் நகத்தால் மெல்லத் தட்டினார். அதுவரை விறைப்பாக நின்ற தாள், அந்த மஞ்சள் பட்டை இருந்த இடத்தில் இரண்டாக அறுந்து, மேல் பாதி மெதுவாக இறங்கி அடியில் படுத்தது. "அறுந்துடுச்சு" என்றார். பிரசவ அறைக்கு வெளியே நிற்கிறவர்கள் 'பொறந்துடுச்சு' என்று சொல்கிற குரல் அது. எனக்கு அன்றைக்கு அந்தக் குரல் கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது. இப்போது அதைத்தான் தேடுகிறேன்.

எங்கள் சண்டை எதைப் பற்றி என்று கேட்பீர்கள். நான் காளான்களின் நொதிகளைப் பார்க்கிறவள். காளான் தன் நொதிகளை வெளியே விட்டுவிடும். ஒவ்வொன்றும் தனித்தனியே மிதந்து போய், தனக்குத் தெரிந்த இடத்தை வெட்டும். எடுக்கச் சுலபம், கலக்கச் சுலபம், தொழிற்சாலைக்காரர்களுக்கும் அதுதான் பிடிக்கும். சவரி சாருடைய பாக்டீரியா அப்படி இல்லை. நீளமான ஒரு புரதத்தைச் சரடு மாதிரி நீட்டி வைத்திருக்கும். சரடு முழுக்கக் குழி குழியாக இருக்கும். ஒவ்வொரு நொதிக்கும் அந்தக் குழியில் வந்து பொருந்துகிற மாதிரி ஒரு பாதம் உண்டு. சரட்டிலேயே பருத்தியைக் கவ்விப் பிடிக்க ஒரு கை. இன்னொரு முனை பாக்டீரியாவின் தோலில் இறுகி நிற்கும். இழையை நடுவில் வெட்டுகிறவர், நுனியிலிருந்து கொறிக்கிறவர், குறுக்கே கிடப்பதை விலக்குகிறவர் எல்லோரும் பக்கம் பக்கமாக நின்று ஒரே இடத்தில் வேலை செய்வார்கள். வெட்டிய சர்க்கரை வீணாக எங்கும் போகாது, பக்கத்திலேயே வாய். காற்றில்லாத இடத்தில் வாழ்கிறவர்களுக்குக் கிடைக்கிற பலம் கொஞ்சம், அதனால் அவர்களால் எதையும் வீணடிக்க முடியாது என்பது அவர் கட்சி. "உங்க காளான் ஆளுங்கள்லாம் தெனக்கூலி மேடம். எங்காளுங்க ஒரே ஷிஃப்டு" என்று சீண்டுவார். உங்கள் ஷிஃப்ட் ஒரு துளிக் காற்றுக்கே செத்து விழுகிறதே என்று நானும் விடமாட்டேன். தேநீர்க் கடைக்காரருக்கே இந்த வழக்கு மனப்பாடம்.

ஒரு மழைக்காலம் முழுக்க நான்தான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். பாக்டீரியாவிலிருந்து சரடும் நொதிகளும் சேர்ந்த அந்தக் கூட்டை முழுசாகப் பிரித்தெடுத்துக் கழுவி, பருத்தியில் விட்டுக் காட்ட வேண்டும் என்று அவர் இறங்கினார். பிரித்தார், கழுவினார், விட்டார். பருத்தி அப்படியே கிடந்தது. தண்ணீரில் கரையும்படி முன்பே இளக்கி வைத்த செல்லுலோஸில் விட்டால் அதே நொதிகள் பிரமாதமாக வெட்டின. பருத்தி நூலில் விட்டால் ஒன்றும் நடக்கவில்லை. ஆய்வைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்த குழு முன்னால் அவர் முகத்தில் ஈயாடவில்லை. கூட்டு, சரடு என்பதெல்லாம் சவரிராயன் கற்பனை என்று வராந்தாவில் பேச்சு அடிபட்டது. பாட்டு முணுமுணுப்பதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

காரணத்தை அவரேதான் கண்டுபிடித்தார். புரத வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் கழுவும் கரைசலில் ஒரு உப்பைப் போடுவோம். புரதத்தைத் தின்கிற வேறு நொதிகள் வந்து கெடுக்காமல் இருக்க அது காவல். கை தானாகப் போடும், யோசிக்கவே மாட்டோம். அந்த உப்பு கண்ணில் படுகிற கால்சியத்தை எல்லாம் கவ்விக்கொண்டு போய்விடும். நொதியின் பாதம் சரட்டின் குழியில் நிற்பதே கால்சியத்தின் பிடியில்தான். கழுவக் கழுவப் பிடி தளர்ந்து, ஒவ்வொருவராகச் சரட்டைவிட்டு இறங்கிப் போயிருக்கிறார்கள். கரைசலின் செய்முறை அவரே எங்கள் எல்லோருக்கும் எழுதிச் சுவரில் ஒட்டியது. அதை அவரே கிழித்தார். உப்பை விட்டுவிட்டு, கொஞ்சம் கால்சியம் சேர்த்துக் கழுவியதும் பருத்தி அறுந்தது.

அன்றைக்கு அவர் துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். "யாரும் காணாமப் போவல மேடம். எல்லாரும் அதே தண்ணியிலதான் இருந்தாங்க. சேந்து நிக்கல, அவ்ளோதான்" என்றார். பிறகு தானாகவே தன் தெருவைப் பற்றிச் சொன்னார். மில் மூடியதும் அப்பா ஒரு கல்யாண மண்டபத்தில் காவலாளி ஆனார். எதிர்வீட்டு நூற்புக்காரர் இட்லிக் கடை வைத்தார். சாயப் பிரிவுக்காரர் பெயின்ட் அடிக்கப் போனார். காலையில் எல்லோரும் அதே குழாயடியில்தான் தண்ணீர் பிடித்தார்கள், அதே கோயிலுக்குத்தான் போனார்கள். "எல்லாரும் இருந்தாங்க. மில்லுதான் இல்ல." அதைச் சொன்னபோது அவர் அழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னால் அவரை ஷிஃப்ட் என்று பழைய மாதிரிச் சீண்ட முடியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் அவர் வந்துகொண்டுதான் இருந்தார். குழாய்களுக்குத் தாள் மாற்ற அவர் கைதான் வேண்டும் என்று அவருக்கு நினைப்பு. பிறகு சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. கோரிமேட்டில் ரத்தம் சுத்திகரிக்கும் நாள் போக மற்ற நாட்களில் வருவார். மணிக்கட்டில் பஞ்சு ஒட்டியிருக்கும். அப்படி ஒரு சனிக்கிழமை, "மீன் வாங்கப் போறேன். வைத்திக்குப்பம் வரைக்கும் வாங்க மேடம்" என்றார். நான் மீன் சாப்பிட மாட்டேன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். விஷயம் வேறு என்று புரிந்துகொண்டு அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்.

மணலில் இழுத்துப் போட்டிருந்த படகுகளின் நிழலில் உட்கார்ந்தோம். பக்கத்தில் நைந்த நைலான் வலைகள் நிறம் வெளுத்துக் குவிந்து கிடந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே தன் அப்பாவின் சாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் மரியாதை என்றால் டெரிலின் என்ற செயற்கை நூல் துணிதான். ஆயுசு முழுக்கப் பருத்தி நெய்த மனிதரை வெறும் வேட்டியோடு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும் என்று, மில்லில் கூட வேலை பார்த்தவர்களெல்லாம் சேர்ந்து புது டெரிலின் சட்டை வாங்கி மாட்டி அனுப்பினார்களாம். அவர்களுடையது குடும்பக் கல்லறை. ஒருவர் போன பின் அடுத்தவர் போகும்போது அதே குழியைத்தான் திறப்பார்கள். பழைய எலும்புகளைப் பொறுக்கி ஓரமாக ஒரு சாக்கில் கட்டி வைத்துவிட்டுப் புதுப் பெட்டியை இறக்குவார்கள். பல வருஷங்களுக்குப் பிறகு அம்மாவுக்காகத் திறந்தபோது இவர் குழிமேட்டில் நின்றிருக்கிறார். குழி வெட்டுகிறவர் மண்ணை வாரி மேலே போடும்போது கூடவே அந்தச் சட்டையும் வந்து விழுந்தது.

"சட்டை இருந்துச்சு மேடம். காலர் மடிப்புகூட கலையல. பட்டன் போட்டபடி கெடக்குது. அப்பா இல்ல."

வலைக் குவியலைக் காட்டி, இதெல்லாம் சாகாது, இவற்றைப் பிரிக்கிற கை இன்னும் மண்ணுக்குள் வரவில்லை என்றார். அவருக்கு அது விஞ்ஞானம் இல்லை, பயம். வீட்டில் ஒரு கோட்டு இருக்கிறது, மகள் கல்யாணத்துக்கு எடுத்தது, நிச்சயமாக அதைத்தான் மாட்டுவார்கள் என்றார். பையிலிருந்து இந்த வேட்டியை எடுத்தார். மில் மூடுவதற்கு முன் அப்பா தன் தறியில் நெய்தது. பாச்சை உருண்டை வாசனை அடித்தது. அதைத்தான் கட்ட வேண்டும், நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். செலின் அக்காவிடமே சொல்லலாமே என்றேன்.

"எனக்கு அப்புறம் அவளுக்காகத்தான் அந்தக் குழியத் தொறப்பாங்க. பொண்ணு வந்து மேல நிப்பா. கோட்டு மட்டும் கெடக்கும். இத அவகிட்ட எப்படிச் சொல்றது மேடம்? உன்னப் பொதைக்கறப்போ பொண்ணு பாப்பான்னா?"

செய்கிறேன் என்றேன். அவர் கையைப் பிடித்து அழுத்தவெல்லாம் இல்லை. "அவங்களுக்கும் வேலை குடுத்த மாதிரி ஆவும்" என்று எழுந்து, ஒரு கூறு மீன் பேரம் பேசி வாங்கினார். விலை அதிகம் என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தார்.

ஆக, அந்தக் காலையில் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூலக்குளத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். வில்லியனூர் சாலையில் பேருந்து ஊர்ந்து ஊர்ந்து போனது. காரணத்தைச் சொல்லாமல் காரியத்தை எப்படி நடத்துவது என்று யோசித்துக்கொண்டே போனேன். பருத்தி அவருக்குப் பிடிக்கும் என்று சொல்லலாம். அப்பா நினைவு என்று சொல்லலாம். காளான்காரிக்கு இந்த வக்கீல் வேலை தேவையா என்று அவர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். மகள் ரெஜினா சென்னையிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கி, கூடத்தில் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவர் முகம் சுத்தமாகச் சவரம் செய்யப்பட்டு, வாய் லேசாகத் திறந்திருந்தது. யாரையோ பார்த்துக் கத்தப்போகிறவர் மாதிரி இருந்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

செலின் அக்கா உள்ளறையில் இருந்தார். கட்டில்மேல் கோட்டை விரித்துப் போட்டு, ஈரத்துணியால் தூசி துடைத்துக்கொண்டிருந்தார். சாம்பல் நிறம், டெரிலின் கலந்த பளபளப்பு. கதவைச் சாத்திவிட்டு வேட்டியை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன். சார் இதைத்தான் கட்டச் சொன்னார் என்றேன். அவர் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. கரையை மட்டும் விரலால் தடவினார்.

"மாமா நெய்தது" என்றார். பிறகு, "ஏன்னு சொன்னாரா?"

நான் காலிப் பையை மடிக்க ஆரம்பித்தேன்.

"சொல்லியிருப்பாரு. அந்தச் சட்டைய நானும்தான் பாத்தேன் வசந்தி. மாமியாரப் பொதைக்கறப்போ அவரு பக்கத்துலதான நின்னேன். அன்னிக்கு ராத்திரி முழுக்க அவரு தூங்கல. நான் தூங்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டாரு."

பேருந்தில் ஒத்திகை பார்த்தது எதுவும் உதவவில்லை. மிச்சம் இருந்த ஒரே வாதத்தைச் சொன்னேன். அவர் தனக்காகக் கேட்கவில்லை, ரெஜினாவை நினைத்துத்தான் கேட்டார் என்றேன்.

செலின் அக்கா கோட்டின் காலரைச் சரிசெய்தார். "ரெஜினா பாக்கட்டுமே. அப்பாவும் அம்மாவும் ஒரே எடத்துலதான் இருக்காங்கன்னு தெரியட்டும். அவரு அந்தச் சட்டையப் பாத்து பயந்துட்டாரு. எனக்கு பயம் வரல. மாமா அங்க இருந்தாருன்னு காட்ட அதாவது இருந்துச்சே. இவர வேட்டியோட அனுப்பிட்டா எனக்கு அங்க என்னா இருக்கும்? வெறும் மண்ணுல போய்ப் படுக்க என்னால ஆவாது வசந்தி."

வாக்கு வாங்கியவரின் உடம்பு கூடத்தில் கிடந்தது. இனி அவர் எதையும் பார்க்கப்போவதில்லை. இந்த அம்மா தினமும் இந்த வீட்டில் விடிந்து எழுந்து, மிச்ச நாளைக் கழித்து, ஒருநாள் அந்தக் குழிக்குப் போக வேண்டியவர். வேட்டியை எடுத்துப் பையில் திரும்ப வைத்தேன். கோட்டில் ஒரு பட்டன் ஆடிக்கொண்டிருந்தது. செலின் அக்கா ஊசியை எடுத்தார். ஊசியை வாங்கி அதைத் தைத்துக் கொடுத்தது நான்தான்.

கோயிலில் பூசை நடந்த நேரம் முழுவதும் அந்தப் பை என் மடியில் இருந்தது. கல்லறையில் குழி ஏற்கெனவே திறந்திருந்தது. ஓரத்தில் சாக்கு. சாக்கின் வாய் சரியாகக் கட்டப்படாமல், அதற்குள்ளிருந்து பழுப்பேறிய ஒரு துணி மடிப்பு வெளியே தெரிந்தது. அவருடைய அப்பாவின் சட்டைக் காலர் என்று சொல்லாமலே தெரிந்தது. நான் சட்டென்று செலின் அக்காவைப் பார்த்தேன். அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பவில்லை. தெரிந்தவரைக் கூட்டத்தில் பார்த்துவிட்டவர் போல இருந்தது அந்தப் பார்வை. பெட்டி இறங்கியது. எல்லோரோடும் சேர்ந்து நானும் ஒரு பிடி மண் போட்டேன். நான் தைத்த பட்டனுக்கு மேலே அது விழுந்திருக்கும் என்று தோன்றியது. அந்த நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் இப்போது எல்லோரும் இருக்கிறோம். குழாய்கள் இருக்கின்றன, நைட்ரஜன் வருகிறது, கதவைத் திறந்து வைத்துவிட்டு யார் வேண்டுமானாலும் பேசலாம். வேலை என்னமோ ஓடவில்லை. அவர் சொன்னதை நானே ஒருநாள் அனுபவிக்க வேண்டியிருக்கும் என்று அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது நினைத்துப் பார்க்கவில்லை.

அவருடைய பாக்டீரியாவுக்குத் தீனி மாற்றும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். முதல் முறை மாற்றும்போது வடிதாளை எடுக்கப் போன கை நின்றுவிட்டது. அலமாரியைத் திறந்து, வேட்டியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, விரல் நீளத்துக்கு நறுக்கிக் குழாயில் போட்டேன். அன்று மாலையே செலின் அக்காவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். பிறகு ஒருநாள் அக்கா, சாருடைய மேசையில் கிடந்த கண்ணாடி, குடை, பாட்டுப் புத்தகத்தை எடுத்துப்போக வந்தார். அந்த வேட்டியைத் தின்கிறவர்களைத் தனக்குக் காட்டச் சொன்னார். சூட்டுப் பெட்டியிலிருந்து குழாயை எடுத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தேன். ஜன்னல் பக்கம் பிடிக்கச் சொன்னேன். நூலில் மஞ்சள் ஏறியிருந்தது. எங்கே தட்ட வேண்டும் என்று காட்டினேன். அவர் நகத்தால் தட்டினார். நூல் அறுந்து, மெதுவாக இறங்கி அடியில் படுத்தது.

சார் கேட்டது நடக்கிறது பாருங்கள் என்று எனக்கு வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அக்கா குழாயை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் நின்றார்.

"எல்லாத்தயும் குடு வசந்தி. அவரு ஆசப்பட்டது. கரைய மட்டும் குடுத்துடாத."

சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இவைதான்: காற்றுப் படாமல் மூடி போடும் பழக்கம், ஒரு சூட்டுப் பெட்டி நிறைய அவர் வளர்த்தவர்கள், ஒவ்வொரு முறையும் ஒரு நூல் குறைந்துகொண்டு வருகிற வேட்டி. பச்சைக் கரையை இரண்டு பக்கமும் தனியே கிழித்தெடுத்து, பாச்சை உருண்டை போட்டு, அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். அது செலின் அக்காவுடையது.